துபாய் எவ்வளவு தூரம்?



யானைமலையின் நிழல் விழுகின்ற எங்கள் ஒத்தக்கடையில், வீட்டுக்கொருவர் என்று சொல்லுமளவுக்கு வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் இருக்கிறார்கள். "துபாய் எவ்வளவு தூரம்?" என்று எந்த வீட்டில் கேட்டாலும், "நாலு மணி நேரந்தான்" என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். கிலோமீட்டரில் எவரும் சொல்வதில்லை. தூரத்தை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அந்த மணிக்கணக்கு பிசகியதால் ஒரு வீட்டில் ஏற்பட்ட மனவருத்தத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எவரையும் குறை கூறுவதற்காக அன்று. இனி வேறொரு வீட்டில் அது நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நெடுநாளாக நோயுற்றிருந்தார். ஒருநாள் சுப்ஹு பாங்கு ஒலித்துச் சற்று நேரத்தில், ஐந்தே கால் மணியளவில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு ஒரே மகன். அவர் துபாயில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். உடனே கைப்பேசியில் செய்தி சொன்னார்கள். அங்கே அப்போது மணி மூன்றே முக்கால். "அத்தாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், உடனே புறப்படுகிறேன்" என்று அழுதார் மகன்.

ஏழு மணிக்கு உறவினர்களும் ஜமாஅத்தாரும் திண்ணையில் கூடினார்கள். அடக்கத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பது பேச்சு. இறந்தவரின் தம்பி அலமாரியிலிருந்து ஒரு பழைய விமானச் சீட்டை எடுத்து வந்தார். சென்ற முறை அவருடைய அண்ணன் மகன் விடுமுறை முடிந்து திரும்பியபோது வாங்கிய சீட்டு அது. "மதுரையில் புறப்பாடு 11.30, துபாயில் இறக்கம் 2.10 என்று போட்டிருக்கிறது. ஆக இரண்டு மணி நாற்பது நிமிடம். தம்பி பத்து மணிக்கு விமானம் ஏறினாலும் ஒரு மணிக்குள் மதுரையில் இறங்கிவிடுவார். லுஹருக்கே வந்து சேரலாம். தாமதமானாலும் அஸருக்குத் தப்பாது" என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். மகனுக்கும், "அஸருக்கு வந்துவிடு, உனக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் திண்ணையில் நானும் இருந்தேன். அந்தக் கணக்கை நானும் மறுக்கவில்லை. ஆகவே, தவறில் எனக்கும் பங்கு உண்டு.

அங்கே நடந்தது வேறு. மகனின் கடவுச்சீட்டு அவருடைய நிறுவன அலுவலகத்தில் இருந்தது. அலுவலகம் திறந்து, பொறுப்பாளர் வந்து, அது கைக்குக் கிடைத்தபோது அங்கே மணி ஒன்பதரை, நமக்குப் பதினொன்று. அன்றைய மதுரை விமானத்தில் இடமில்லை. அலைந்து திரிந்து, இரவு ஏழரை மணிக்குத் திருச்சிக்குப் புறப்படும் விமானத்தில்தான் ஓர் இடம் கிடைத்தது.

இங்கே அஸர் வந்தது, மகன் வரவில்லை. மஃரிபுக்கு என்று தள்ளி வைத்தார்கள். மஃரிபும் வந்தது. "இன்னும் விமானமே ஏறவில்லையாம்" என்ற செய்தி அப்போதுதான் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. காலைவரை வைத்திருக்கலாம், குளிர்பெட்டி இருக்கிறதே என்றார்கள் சிலர். கூடாது என்றார்கள் சிலர். குரல்கள் உயர்ந்தன. அப்போது உள்ளேயிருந்து அந்தத் தாய் சொல்லி அனுப்பினார்: "ஜனாஸாவை விரைவுபடுத்தச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்). என் பிள்ளைக்காக அதைப் பிந்த வைக்க வேண்டாம். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

இஷாவுக்குப் பின் அடக்கம் நடந்தது. கபரில் நாங்கள் மூன்று பிடி மண் இட்ட நேரத்தில், மகன் துபாய் விமான நிலையத்தில் ஏறுவதற்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் திருச்சியில் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, இரண்டு மணி நேரம் காரில் பயணம் செய்து, விடிவதற்கு முன் நாலு மணிக்கு ஒத்தக்கடை வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே மையவாடிக்குச் சென்றார்.

பிறகு எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடக்கம் செய்ததற்கு நான் வருந்தவில்லை. அஸருக்கு வந்துவிடலாம் என்று ஏன் சொன்னீர்கள்? முடியாது என்று காலையிலேயே சொல்லியிருந்தால், அப்போதே மனத்தைத் தேற்றிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்து துஆச் செய்திருப்பேன். பகல் முழுவதும் ஒவ்வொரு நிமிடமாக எண்ணிக்கொண்டு கிடந்தேனே!"

எங்களில் எவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பதிலைத் தேடித்தான் பிறகு நான் நிலப்படத்தையும் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதுரை விமான நிலையத்துக்கும் துபாய் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழியில் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். பெரிய விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அப்படியானால் மூன்றரை மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் விமானம் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமிடுவதும் கணக்கில் சேர வேண்டும். வானத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு; அவை நேர்க்கோடுகள் அல்ல. காற்றும் ஒத்துழைக்க வேண்டும். குளிர்காலத்தில் அரபிக்கடலின் வடபகுதிக்கு மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். போகும்போது அது விமானத்தை எதிர்க்கும். திரும்பும்போது பின்னிருந்து தள்ளும். ஆகவே போவதற்கு நாலு மணி நேரமும் சில நிமிடங்களும், வருவதற்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது.

அப்படியானால் சீட்டில் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று தெரிந்தது எப்படி? சீட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களும் ஒரே கடிகாரத்தின் நேரங்கள் அல்ல. புறப்படும் நேரம் மதுரைக் கடிகாரத்தைச் சார்ந்தது. இறங்கும் நேரம் துபாய்க் கடிகாரத்தைச் சார்ந்தது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அங்கே 2.10 என்றால் இங்கே 3.40. ஆகவே உண்மையான பயண நேரம் நாலு மணி பத்து நிமிடம். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. துபாயில் 10 மணிக்குப் புறப்பட்டு மதுரையில் 3.20-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஐந்து மணி இருபது நிமிடம் என்று நினைப்போம். உண்மையில் மூன்று மணி ஐம்பது நிமிடமே.

பிள்ளைகளுக்கும் புரியும்படி ஒரு சுலபமான வழி சொல்கிறேன். போகும் சீட்டில் தெரியும் நேரத்தையும் வரும் சீட்டில் தெரியும் நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். இரண்டு மணி நாற்பதும் ஐந்து மணி இருபதும் கூட்டினால் எட்டு மணி. பாதி நாலு மணி. கடிகார வேறுபாடு தானாகவே கழிந்துவிடும். அன்று அந்தத் திண்ணையில் வரும் சீட்டு ஒன்றும் கையில் இருந்திருந்தால், அஸர் என்ற சொல்லே எங்கள் வாயில் வந்திருக்காது.

இந்த ஒன்றரை மணி நேர வேறுபாடு மனிதர் வகுத்த வெறும் ஏற்பாடு அன்று. அதற்கு அடிப்படை சூரியன். பூமி ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, சுழல 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். மதுரை ஏறத்தாழ 78 பாகைக் கிழக்குத் தீர்க்க ரேகையில் இருக்கிறது. துபாய் 55 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. வேறுபாடு 22 முக்கால் பாகை. அதை நாலால் பெருக்கினால் 91 நிமிடம். கடிகார வேறுபாடோ 90 நிமிடம். சூரியனும் கடிகாரமும் ஒரு நிமிட அளவில் ஒத்துப்போகின்றன.

இதனால் ஒரு வியப்பு உண்டாகிறது. மதுரையில் சூரியன் உச்சி சாயும் நேரம் ஆண்டுச் சராசரியாக 12 மணி 18 நிமிடம். துபாயிலும் அவ்வூர்க் கடிகாரப்படி அதே 12 மணி 18 நிமிடந்தான். பருவத்துக்கேற்ப முன்னும் பின்னும் கால் மணி நேரம் நகரும். இரண்டு ஊர்களிலும் ஒன்றுபோலவே நகரும். ஆக, ஒத்தக்கடையில் இருக்கும் மனைவியும் துபாயில் இருக்கும் கணவரும் லுஹரின் நேரம் தொடங்கும்போது தத்தம் கடிகாரத்தைப் பார்த்தால் முட்கள் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் இடையே ஒன்றரை மணி நேரம் கடந்திருக்கும்.

சிங்கப்பூரின் கதை வேறு. மதுரையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,010 கிலோமீட்டர். மேற்கே துபாயும் கிழக்கே சிங்கப்பூரும் நமக்குக் கிட்டத்தட்டச் சம தூரத்தில் இருக்கின்றன என்பது பலரும் அறியாத செய்தி. பயண நேரமும் ஏறக்குறைய அதே நாலு மணி நேரந்தான். ஆனால் சூரியக் கணக்கின்படி சிங்கப்பூர் நம்மைவிட 104 நிமிடமே முந்தியிருக்க, அவ்வூர்க் கடிகாரமோ இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே லுஹர் ஒரு மணியை ஒட்டி வருகிறது. புதிதாகச் செல்பவர்கள் இதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை.

ஜித்தா மதுரையிலிருந்து ஏறத்தாழ 4,350 கிலோமீட்டர். கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் வயதானவர்கள் மருந்து உட்கொள்ளும் நேரத்தை இதற்கேற்ப மாற்றிக்கொள்வது குறித்து மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைப்பது நலம். குறிப்பாக, இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இதை மறக்கலாகாது.

இரண்டு ஊர்களுக்கிடையே தூரமும் நேரமும் காண்பது நம் முன்னோர்களுக்குப் புதிய கலை அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல் பிரூனி என்ற மாமேதை, கஜ்னி நகரின் கிப்லாத் திசையைச் சரியாகக் காண விரும்பினார். அதற்குக் கஜ்னிக்கும் பக்தாதுக்கும் இடையேயுள்ள தீர்க்க ரேகை வேறுபாடு தேவைப்பட்டது. ஒட்டகச் சாத்துகள் நடந்த பாதைகளின் நீளத்தைக் கேட்டறிந்து, பாதையின் வளைவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, இடையிலுள்ள ஊர்களின் வழியே படிப்படியாகக் கணக்கிட்டார். 1025-ஆம் ஆண்டில் முடித்த தம் நூலில் அவர் எழுதிய விடை, இன்றைய அளவைக்கு மிக நெருங்கியது. பாதையின் நீளம் வேறு, ஊர்களுக்கிடையேயான தூரம் வேறு என்று அவர் பிரித்தறிந்தார். நாமோ கையில் அச்சிட்ட சீட்டை வைத்துக்கொண்டு தவறினோம்.

பழைய காலத்துப் பயணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து வளைகுடா சென்றவர்கள் முன்பு ரயிலில் பம்பாய் சென்று, அங்கிருந்து 'துவாரகா' போன்ற கப்பல்களில் பல நாட்கள் கடலில் கிடந்து கரை சேர்ந்தார்கள். அந்தக் கப்பலின் ஓட்டம் 1982-இல் நின்றது. சிங்கப்பூருக்குச் சென்றவர்களை 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிக்கொண்டு சென்றது. ஒரு வாரப் பயணம். இந்தியாவிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் செல்வதும் 1995-உடன் முடிவுற்றது. மதுரையிலிருந்தே வெளிநாட்டு விமானம் ஏறும் வசதி 2012-இல் கொழும்பு விமானத்தோடு தொடங்கியது; துபாய்க்கு 2013-இல் வந்தது.

கப்பல் காலத்தில் எவரும் அடக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. தந்தி போய்ச் சேர்ந்து, மகன் கடிதம் எழுதி, அது வந்து சேரும்போது நாற்பதாம் நாளும் நெருங்கியிருக்கும். வர முடியாது என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவில் ஓர் ஆறுதலும் இருந்தது. இன்று வரமுடியும் என்ற நிலை உண்டானதால், வந்தே தீர வேண்டும் என்ற தவிப்பும் கூடவே வந்திருக்கிறது. அதனால் முன்பைவிட அதிகமாக நாம் கணக்கை அறிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு இதுதான். துபாயில் இருப்பவருக்குச் செய்தி எட்டியதிலிருந்து எண்ணுங்கள். விடுப்பும் கடவுச்சீட்டும் பெற இரண்டு மணி நேரம். அலுவலகம் மூடியிருந்தால் அது திறக்கும்வரை. சீட்டு வாங்க ஒரு மணி நேரம். விமான நிலையம் போக ஒரு மணி நேரம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். வானில் நாலு மணி நேரம். இறங்கியபின் சோதனைகளுக்கு ஒரு மணி நேரம். மதுரை விமான நிலையத்திலிருந்து சுற்றுச்சாலை வழியே ஒத்தக்கடைக்கு முக்கால் மணி நேரம். எல்லாம் தடையின்றி நடந்தாலும் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம். அதற்குமேல், அடுத்த விமானம் எப்போது என்ற கேள்வி ஒன்று தனியே நிற்கிறது. மதுரை விமானம் பேருந்தைப் போல அடிக்கடி கிடைப்பதன்று. நான் சொன்ன மகனுக்கு மொத்தம் இருபத்து மூன்று மணி நேரம் ஆயிற்று. அதில் வானில் கழிந்தது நாலு மணி நேரந்தான். மீதிப் பத்தொன்பது மணி நேரமும் தரையிலேயே கழிந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய பெருமழையில் விமான நிலையமே வெள்ளத்தில் முடங்கி, பயணிகள் நாட்கணக்கில் தவித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தார் சிலவற்றை முன்கூட்டியே செய்து வைப்பது கடமை.

முதலாவது, கடவுச்சீட்டு உரியவர் கையிலேயே இருக்க வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதை ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே தடுக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, உரிய முறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒரு விமானச் சீட்டுக்குரிய பணத்தை எதற்கும் தொடாமல் தனியே வைத்திருக்கட்டும். மதுரைக்கு மட்டுமன்றி, திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம், சென்னை ஆகிய ஊர்களுக்கு எந்தெந்த நேரத்தில் விமானம் உண்டு என்பதையும் அறிந்திருக்கட்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் இது. பெற்றோர் நலமாக இருக்கும்போதே, "நான் வஃபாத்தானால் எவருக்காகவும் நீண்ட நேரம் காக்க வைக்க வேண்டாம்" என்றோ, உலமாக்களிடம் கேட்டறிந்து வேறு விதமாகவோ, தம் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதைப் பேசுவதற்கு நாம் கூசுகிறோம். பேசாமல் விட்டால், அந்தச் சுமை ஒரு விதவைத் தாயின் தலையில், அவள் தாங்க முடியாத ஒரு நாளில் வந்து விழுகிறது.

பயணம் செய்வோர்க்கு மற்றொரு குறிப்பு. ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு மாலையில் துபாய் செல்லும் விமானத்தில் ஏறினால், சூரியனைத் துரத்திக்கொண்டே செல்கிறீர்கள். இங்கே ஒரு மணி நேரத்தில் மறைய வேண்டிய சூரியன், அங்கே மறைய ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். மேலும், பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது தரையில் உள்ளவர்களைவிட ஏறத்தாழக் கால் மணி நேரம் பிந்தித்தான் சூரியன் மறையும். மதுரைக் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறந்துவிடாதீர்கள். சன்னல் வழியே சூரியனைப் பாருங்கள். பயணிக்கு நோன்பிலும் தொழுகையிலும் மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளை உங்கள் மத்ஹபின்படி ஆலிம்களிடம் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மகன் மூன்று வாரம் தங்கியிருந்து தாயின் அருகில் இருந்துவிட்டுத் திரும்பிச் சென்றார். போகுமுன் அந்தப் பழைய சீட்டைத் தன் சின்னத்தாவின் கையிலேயே கொடுத்து, அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதினார்: "துபாய் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டுக." அது இன்று அவ்வீட்டுச் சுவரில், கடிகாரத்தின் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது. இப்போதெல்லாம் அவர் லுஹர் தொழுதுவிட்டுத்தான் தாயை அழைக்கிறார். இங்கே இரண்டு மணி கடந்திருக்கும். அந்தத் தாய் அதுவரை உணவு கொள்ளாமல் காத்திருக்கிறார்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் வைத்து, உரிய நேரத்தில் உற்றாரிடம் சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.